கேலரியா, டர்ஃபா, மண்ணா? ஒரு கரிசல் மைதானத்தின் கணக்கு

ஏப்ரல் கடைசியில் எங்கள் பள்ளி மைதானத்து வெடிப்பு ஒன்றில் விளையாட்டு வாத்தியார், எங்கள் பேச்சில் பி.டி. மாஷ், ஒரு அடி ஸ்கேலை விட்டுப் பார்த்தார். முழுசாக உள்ளே போய்விட்டது. இரண்டு ஈர்க்குச்சி வைத்து நெம்பித்தான் வெளியே எடுத்தோம். ஜூனில் அதே இடத்தில் நடந்தால் செருப்பு காலோடு வராது. கேரளம் என்றால் செம்மண்ணும் வெட்டுக்கல்லும் என்று நினைப்பவர்களுக்கு இது புதிதாக இருக்கலாம். பாலக்காடு ஜில்லாவில் கொழிஞ்சாம்பாறைக்குக் கிழக்கே, வடகரப்பதி, எருத்தேம்பதி என்று தமிழ்நாட்டு எல்லை வரை போகிற இந்தப் பக்கம் நிறையக் கரிசல். மழை குறைவு. வீட்டிலும் சந்தையிலும் பேச்சு தமிழ்.

மண்ணைப் பற்றி முதலில் சொல்லக் காரணம் இருக்கிறது. பழைய மாணவர்கள் திரட்டியது 12 லட்சம், எம்.எல்.ஏ. ஃபண்டிலிருந்து கிடைக்கும் என்று சொல்லப்படுவது 28 லட்சம், ஆக 40 லட்சத்தை மைதானத்தில் எப்படிச் செலவழிப்பது என்று மூன்று மாதமாகப் பேசிக்கொண்டிருக்கிறோம். பார்வையாளர் உட்காரப் படிக்கட்டு வைத்த கேலரி கட்டலாம் என்று ஒரு கட்சி. டர்ஃப், அதாவது வலை கட்டிய செயற்கைப் புல் தரை, போட்டு வாடகைக்கு விடலாம் என்று இளவட்டங்கள். மண்ணையே சரிசெய்து விளக்குப் போட்டால் போதும் என்று பி.டி. மாஷும் நானும். நான் பெற்றோர்-ஆசிரியர் சங்கமான பி.டி.ஏ.வில் இருக்கிறேன். பகலில் பால் சொசைட்டியில் பால் அளக்கிற வேலை. வந்த கொட்டேஷன் எல்லாம் பால் கணக்கு நோட்டின் கடைசிப் பக்கங்களில்தான் இருக்கின்றன. நான் எந்தப் பக்கம் என்று முதலிலேயே சொல்லிவிட்டேன், அதை மனதில் வைத்துக்கொண்டே படியுங்கள்.

எதைக் கட்டுவது என்பதற்கு முன்னால், மைதானத்துக்கு யார் வருகிறார்கள் என்று ஒரு வாரம் உட்கார்ந்து எழுதிப் பார்த்தேன். காலை ஐந்தரைக்குச் சர்க்கரை நோய்க்காரர்கள் நடக்கிறார்கள். ஆறு மணிக்கு போலீஸ் வேலைக்குத் தயாராகும் பையன்கள். கேரள பி.எஸ்.சி.யின் கான்ஸ்டபிள் உடல்தகுதித் தேர்வில் எட்டு இனத்தில் ஐந்தில் தேற வேண்டும்: 100 மீட்டரை 14 வினாடியில் ஓடுவது, 1500 மீட்டரை 5 நிமிடம் 44 வினாடியில் ஓடுவது, நீளம் தாண்டுதலில் 457.20 சென்டிமீட்டர் என்று போகிறது பட்டியல். எல்லைக்கு அந்தப் பக்கத்து மாமன் மகன்கள் தமிழ்நாட்டுத் தேர்வுக்கு 1500 மீட்டரை 7 நிமிடத்தில் ஓடினால் போதும் என்று இவர்களைக் கேலி பண்ணுவார்கள். ஏழு மணிக்குப் பள்ளிப் பிள்ளைகள். பத்து மணிக்கு மேல், பள்ளி இல்லாத நாள் என்றால், லைசென்ஸ் எடுக்கப் போகிறவர்கள் நாலு கம்பி நட்டு ஸ்கூட்டரில் எட்டு போட்டுப் பழகுகிறார்கள். சாயங்காலம் வாலிபால், ஃபுட்பால், ஓரத்தில் கபடி. கல்யாண சீசனில் கார் நிறுத்துவார்கள், மாசியில் யாராவது கடலை காய வைப்பார்கள். ஆறரைக்கு இருட்டினால் எல்லாம் முடிந்தது.

அந்தப் பட்டியலில் கேலரியில் உட்கார்ந்து பார்ப்பவர் ஒருவர்கூட இல்லை. பள்ளி விளையாட்டு விழா ஒரு நாள், உபஜில்லா (கல்வி வட்டார) போட்டி கிடைத்தால் இரண்டு நாள், கோடையில் அணிக்கு ஏழு பேர் ஆடும் செவன்ஸ் ஃபுட்பால் டோர்னமென்ட் பத்து நாள். கூட்டினால் வருடத்துக்குப் பதின்மூன்று நாள். மிச்சம் முந்நூற்று ஐம்பது நாள் அந்தப் படிக்கட்டில் ஆடுதான் படுக்கும்.

கேலரிக்காரர்களும் சும்மா கேட்கவில்லை, சொல்லிவிட வேண்டும். அவர்கள் எடுத்துக் காட்டுவது நூறணியை. 2020 ஜனவரியில் பாலக்காடு நூறணி மைதானத்தில், செவன்ஸ் ஆட்டத்தின்போது விழுந்து இறந்த தன்ராஜன் என்ற ஆட்டக்காரரின் குடும்பத்துக்காக ஒரு உதவி ஆட்டம் வைத்தார்கள். இந்திய அணியின் பழைய ஆட்டக்காரர்கள் பைச்சுங் பூட்டியாவும் ஐ.எம். விஜயனும் வந்திருந்தார்கள். ஆட்டம் தொடங்கும் முன்பே தற்காலிக கேலரி சரிந்து ஐம்பது பேருக்கு அடி. 2022 மார்ச்சில் மலப்புறம் பூங்கோட்டிலும் இதேபோல ஒரு கேலரி விழுந்து ஏராளமானவர்களுக்குக் காயம். கமுகும் மூங்கிலும் கட்டி, மேலே பலகை போட்டு, ஆயிரக்கணக்கான பேரை ஏற்றுகிற பழக்கம் இந்த நாட்டில் இருக்கும் வரை இது நடக்கும். "ஏனுங்க, நம்ம பிள்ளைங்க அதுல ஏறி விழணுமா?" என்று பஞ்சாயத்து மெம்பர் அண்ணன் கேட்டபோது கூட்டத்தில் யாரும் பதில் பேசவில்லை. நியாயமான கேள்விதான்.

ஆனால் கான்கிரீட் என்று சொன்னால் ஆபத்து போய்விடுமா? கரிசல் மண் மழையில் ஊதும், வெயிலில் சுருங்கும். மேலே இருக்கும் சுவர் அதோடு ஏறி இறங்கும். பள்ளியின் பழைய காம்பவுண்டுச் சுவரைப் பார்த்தாலே தெரியும், அதில் கைவிரல் நுழைகிற விரிசல் மூன்று இருக்கிறது. இந்த மண்ணில் கட்டிடம் நிற்க வேண்டுமானால் சாதாரண அஸ்திவாரம் போதாது. மண் அசையாத ஆழம் வரை துளை போட்டு, அடியில் குடம்போல் அகலப்படுத்தி, கம்பி கட்டி கான்கிரீட் இறக்க வேண்டும். எங்களுக்கு வந்த மதிப்பீட்டில் ஐந்நூறு பேர் உட்காரும் கூரை போட்ட கேலரிக்கு 43 லட்சம். அதில் கிட்டத்தட்ட மூன்றில் ஒரு பங்கு யார் கண்ணுக்கும் தெரியாத இந்த அடிவேலைக்கே போகிறது. கூரையை விட்டுவிட்டால் 40-க்குள் வரும் என்றார் இன்ஜினியர். மார்ச் மாதம் நாலு மணிக்குக் கூரையில்லாத கான்கிரீட் படியில் பாலக்காட்டு வெயிலில் உட்கார்ந்து பார்த்தவர் யாராவது இருந்தால் கை தூக்கச் சொல்லுங்கள்.

பள்ளிக்கூடத்துக்கு ஸ்டேடியம் என்ற யோசனைக்கு உலகத்திலேயே பெரிய உதாரணம் அமெரிக்காவின் டெக்சாஸ் மாநிலம். அங்கே ஆலன் என்ற ஊரில் ஒரே ஒரு உயர்நிலைப் பள்ளிக்காக 2012-இல் 18,000 பேர் உட்காரும் ஸ்டேடியம் கட்டினார்கள். செலவு சுமார் 6 கோடி டாலர். 2009-இல் ஊர் மக்களே வாக்களித்து ஒப்புக்கொண்ட கடன் அது. இரண்டு வருடத்தில் கான்கிரீட்டில் விரிசல் கண்டு 2014-இல் மூடினார்கள், பழுது பார்த்து 2015-இல் திறந்தார்கள். அந்த ஊரும் கரிசல் பூமிதான். ஆனால் கோளாறு மண்ணில் இல்லை, வடிவமைப்பிலும் கட்டுமானத்திலும்தான் என்றார்கள். இதைக் கேட்டுவிட்டுச் சிரிப்பதற்கு முன் இன்னொன்றையும் பார்க்க வேண்டும். அங்கே சீசன் முழுக்க வெள்ளிக்கிழமை ராத்திரி என்றால் ஊரே ஸ்டேடியத்தில் இருக்கும். ஆடுகிற பையன், பேண்டு வாசிக்கிற பெண், பலகாரம் விற்கிற அம்மா, முப்பது வருடத்துக்கு முன் அதே பள்ளியில் ஆடிய தாத்தா எல்லாருக்கும் அது வாரச்சந்தை மாதிரி. வாரா வாரம் சந்தை கூடுகிற இடத்தில் கொட்டகை போடுவதில் அர்த்தம் உண்டு. எங்களுக்கு முதலில் சந்தை வேண்டும்.

சரி, டர்ஃப்.

இதை நான் முதலில் எதிர்பார்த்ததைவிட அதிகம் மதிக்கிறேன் இப்போது. பாலக்காட்டுப் பக்கமும் பொள்ளாச்சிப் பக்கமும் தனியார் டர்ஃப் வந்துவிட்டது. பையன்கள் ஆளுக்கு நூறு ரூபாய் போட்டு ராத்திரி பத்து மணிக்குப் போய் ஆடிவிட்டு வருகிறார்கள். பத்து கிலோமீட்டர் பைக்கில், மூன்று பேராக. அந்தக் காசும் அந்தப் பயணமும் உள்ளூரிலேயே மிஞ்சினால் நல்லதுதானே? மழையில் ஆடலாம், சேறில்லை, முட்டி கிழியாது, வெடிப்பில் கால் மாட்டாது. மணிக்கு ஆயிரம் ரூபாய் வாடகை, நாளைக்கு நாலு மணி நேரம் ஓடினால் மாதம் ஒரு லட்சத்துக்கு மேல் என்று அவர்கள் ஒரு காகிதத்தில் கணக்குப் போட்டுக் காட்டினார்கள். கணக்கு தப்பில்லை. ஆனால் மாதத்தின் முப்பது நாளும் நாலு மணி நேரமும் நிரம்பும் என்று வைத்துப் போட்ட கணக்கு. பரீட்சை மாதம், நோன்பு, பேய்மழை எதுவும் அதில் இல்லை. ஏழெட்டு வருடத்தில் புல்விரிப்பு தேய்ந்து மாற்ற வேண்டி வருமே, அந்தத் தொகைக்கு மாதம் எவ்வளவு எடுத்து வைப்பது என்பதும் இல்லை.

அதைவிடப் பெரிய சிக்கல் வெயில். செயற்கைப் புல் நேர்வெயிலில் 60 டிகிரிக்கு மேல் சூடேறும். பிள்ளைகளின் பி.டி. பீரியட் எல்லாம் பகலில். பதினொன்றரைக்கு ஏழாம் வகுப்பு, இரண்டரைக்கு ஒன்பதாம் வகுப்பு. ஜனவரி முதல் மார்ச் வரை அந்த நேரத்தில் பள்ளிப் பிள்ளைகள் அதில் கால் வைக்க முடியாது. சூடு தணிந்து கால் வைக்கலாம் என்கிற நேரத்தில் வாடகைக்காரர் வந்துவிடுவார். பள்ளி நிலத்தில், பள்ளிப் பெயரில், பள்ளிக்கு மட்டும் பயன்படாத ஒரு பொருள். நாலு பக்கமும் வலை, கேட்டில் பூட்டு.

அந்தப் பூட்டுதான் என்னை உறுத்துகிறது. என் மகள் 800 மீட்டர் ஓடுகிறாள். அவளோடு இன்னும் ஆறு பெண்பிள்ளைகள். டர்ஃப் வந்தால் சாயங்காலம் ஐந்து முதல் பத்து வரை அது ஆண்களின் இடம். யாரும் வேண்டுமென்று செய்வதில்லை, காசு கொடுத்துப் புக் செய்கிறவர்கள் அவர்கள், அவ்வளவுதான். காலையில் நடக்கிற பாட்டிமார், எட்டு போடுகிற பெண்கள், 1500 ஓடுகிற பையன் எல்லாரும் வலைக்கு வெளியே மிஞ்சும் ஓரத்துக்குப் போக வேண்டும். எங்கள் மைதானம் மொத்தமே இரண்டேகால் ஏக்கர், ஏறக்குறைய 120-க்கு 75 மீட்டர். 400 மீட்டர் ஓடுதளம் எட்டுப் பாதையோடு போட நாலு ஏக்கர் வேண்டும். இங்கே 200 மீட்டர் வட்டம்தான் பிடிக்கும், 100 மீட்டர் ஓட்டத்துக்கு மூலைக்கு மூலை கோடு போடுகிறோம். இதற்குள் ஒரு டர்ஃப் வைத்தால் வட்டமும் போச்சு, மூலைக்கோடும் போச்சு. தனியாக அரை ஏக்கர் பஞ்சாயத்து நிலம் கிடைத்தால் டர்ஃபுக்கு நானே கையெழுத்துப் போடுவேன்.

மைதானம் குறுகுவது சின்ன விஷயம் இல்லை என்று நீதிமன்றமும் சொல்லியிருக்கிறது. ஒரு அரசுத் தொடக்கப் பள்ளியின் மைதானத்தில் தண்ணீர்த்தொட்டி கட்டுவதை எதிர்த்து வந்த வழக்கில், விதிப்படி மைதானம் இல்லாத பள்ளிகள்மீது நடவடிக்கை எடுக்க வேண்டும், மூடவும் செய்யலாம் என்கிற அளவுக்குக் கேரள உயர் நீதிமன்றம் 2024 ஏப்ரலில் போனது. ஒரு தொட்டிக்கே அந்தப் பாடு.

இயற்கைப் புல் போடலாமே என்று ஒருவர் கேட்டார். கேட்க நன்றாக இருக்கிறது. கோடையில் புல்லுக்கு நாளைக்கு 5 மில்லிமீட்டர் தண்ணீர் என்று வைத்தால், பெரிய ஃபுட்பால் மைதானம் ஒன்றுக்கு 35,000 லிட்டர். பன்னிரண்டாயிரம் லிட்டர் லாரியில் தினமும் மூன்று. பரம்பிக்குளம்–ஆழியாறு ஒப்பந்தப்படி சித்தூர்ப்புழைக்கு வர வேண்டிய 7.25 டி.எம்.சி. சரியாக வருகிறதா என்று வருடா வருடம் சண்டை போடுகிற ஊரில், பந்து உருளும் புல்லுக்குத் தண்ணீர் விடுகிறேன் என்று சொன்னால் தென்னந்தோப்புக்காரர்கள் என்னை ஊருக்குள் விடமாட்டார்கள். அடுத்தது.

இனி மண்.

பி.டி. மாஷ் இந்த வருடம் முதல் மழைக்குப் பிறகு ஒரு வேலை செய்தார். மைதானத்தின் நடுவில் ஒரு அடிக்கு ஒரு அடி, ஒரு அடி ஆழத்தில் குழி. பள்ளிக் கிணற்றடியில், எப்போதோ செம்மண் கொட்டிய இடத்தில், அதே அளவில் இன்னொன்று. இரண்டிலும் சாயங்காலம் தண்ணீர் நிரப்பினார். ஒரு மணி நேரம் கழித்துப் பார்த்தால் செம்மண் குழியில் அடிமண் தெரிந்தது. கரிசல் குழியில் மறுநாள் காலை முதல் பீரியட் பெல் அடித்தபோதும் பாதிக்கு மேல் தண்ணீர், மேலே ஒரு தட்டான் முட்டை வைத்துக்கொண்டிருந்தது. பிள்ளைகள் அதைச் சுற்றி நின்று பார்த்ததில் அன்றைக்கு அசெம்பிளி பத்து நிமிடம் தாமதம்.

ஆக, மண்தரை என்றால் இப்போது இருப்பதை அப்படியே விட்டுவிடுவது இல்லை. 100-க்கு 50 மீட்டர் பரப்பில் மேல் கரிசலை ஒரு அடிக்குத் தோண்டி எடுக்க வேண்டும். அடியில் மீன்முள் வடிவத்தில் வாய்க்கால் வெட்டி, துளையிட்ட பி.வி.சி. குழாய் போட்டு, ஜல்லி நிரப்பி, கரிசல் ஏறிவந்து அடைக்காதபடி துணிவிரிப்புப் போட்டு, மேலே சரளை, அதன்மேல் செம்மண்ணும் மணலும் கலந்து உருளை ஓட்டுவது. நடுவில் கொஞ்சம் உயர்த்தி இரண்டு பக்கமும் சரிவு. 5,000 சதுர மீட்டருக்கு 30 சென்டிமீட்டர் என்றால் 1,500 கன மீட்டர். டிப்பருக்கு 6 கன மீட்டர் வைத்தால் 250 லோடு. எங்களுக்குச் சொன்ன விலையில் மண்ணுக்கு மட்டும் 11 லட்சத்துக்கு மேல். குழாய், ஜல்லி, கூலி எல்லாம் சேர்த்து 22 லட்சம். நாலு கம்பத்தில் எல்.இ.டி. விளக்கு 6 லட்சம், பெண்பிள்ளைகளுக்குக் கழிவறையும் உடைமாற்றும் அறையும் 6 லட்சம். 34 ஆகிறது, மிச்சம் 6 லட்சத்தைப் பராமரிப்புக்கு வைக்கலாம். விளக்கு மொத்தம் 3.2 கிலோவாட், மூன்று மணி நேரம் எரிந்தாலும் நாளைக்குப் பத்து யூனிட்டுக்குள்.

இதிலும் குறை உண்டு, மறைக்கவில்லை. மார்கழி, தையில் பாலக்காட்டுக் கணவாய் வழியாகக் கிழக்குக் காற்று அடிக்கும்போது செம்புழுதி மேற்கு வீட்டுத் துணியெல்லாம் நாசம் பண்ணும். இப்போதே அந்த வீட்டு அக்கா எங்களைத் திட்டுகிறார். தினமும் தண்ணீர் தெளிக்க வேண்டும், கார் நிறுத்துவதை அடியோடு நிறுத்த வேண்டும், வருடத்துக்கு ஒருமுறை உருளை ஓட்ட வேண்டும். மூலைக்கோட்டின் இரண்டு முனையும் கரிசலிலேயே இருக்கும். அப்புறம் ஒரு விஷயம் யாரும் வெளியே சொல்வதில்லை. பூமிக்கு அடியில் போகும் குழாயில் ஃபண்ட் கொடுத்தவர் பெயரைப் பொறிக்க இடம் கிடையாது. கேலரி என்றால் முகப்பில் பத்தடிக்கு எழுதலாம். விளக்குக் கம்பம் நாலிலும் எழுதிக்கொள்ளட்டும் என்று நான் சொன்னேன், சிரித்தார்கள். ஆனால் அதில்தான் காரியம் நிற்கிறது.

மண்ணில் ஓடினால் பிள்ளைகள் பெரிய போட்டியில் தேற மாட்டார்கள் என்கிற பேச்சுக்கு எங்கள் ஜில்லாவிலேயே பதில் இருக்கிறது. 1500 மீட்டரில் 2017-இலும் 2019-இலும் ஆசிய சாம்பியன் ஆன பி.யு. சித்ரா, பாலக்காடு பக்கத்து முண்டூர் பள்ளியில் ஓடத் தொடங்கியவர். மாநிலப் பள்ளித் தடகளத்தில் 2019, 2022, 2023 என்று பாலக்காடு ஜில்லா வரிசையாகப் பட்டம் அடித்ததும் பறளி, முண்டூர், குமரம்புத்தூர் மாதிரிக் கிராமப்புறப் பள்ளிகளின் பலத்தில். ஆனால் செயற்கை ஓடுதளத்தில் ஸ்பைக் மாட்டி ஓடுவது வேறு பழக்கம், அதையும் ஒப்புக்கொள்கிறேன். என் மகள் முதல் தடவை அதில் ஓடிவிட்டு "அம்மா, தரை என்னைத் தூக்கித் தள்ளுதும்மா" என்றாள். அதற்கு மாதம் ஒருமுறை பாலக்காடு மெடிக்கல் காலேஜ் மைதானத்துக்கு ஒரு வேன் பிடித்தால் போதும்.

மண்தரையைக் கேவலமாகப் பார்க்கிறவர்களுக்கு ஜப்பானிலிருந்து ஒன்று. அந்நாட்டு உயர்நிலைப் பள்ளிகளின் பேஸ்பால் போட்டி நடக்கிற கோஷியன் ஸ்டேடியம் 1924-இல் கட்டியது. உள்தரை இன்றைக்கும் மண்தான், கறுப்பு மண்ணில் மணல் கலந்து ஆள் வைத்துப் பராமரிக்கிறார்கள். அந்தக் கறுப்பு வேறு வகை, எங்கள் கரிசல் இல்லை. தோற்ற பையன்கள் அழுதுகொண்டே அந்த மண்ணைப் பையில் அள்ளி வீட்டுக்குக் கொண்டுபோவார்கள். எங்கள் பிள்ளைகளும் மழைக்காலத்தில் மைதானத்தைக் காலோடு வீட்டுக்குக் கொண்டுவருகிறார்கள், அதற்குத்தான் அடி விழுகிறது.

கேலரிக்காரர்களுக்கு என்னிடம் ஒரு சமாதானம் உண்டு. தோண்டி எடுக்கும் கரிசல் 1,500 கன மீட்டரை எங்கே கொட்டுவது? மைதானத்தின் மேற்கு ஓரத்தில், தெற்கு வடக்காக, மூன்று படியாக அணைத்து, முகப்பில் கல் பதித்து, மேலே வேம்பு வைத்துவிடலாம். மேற்கில் என்றால் சாயங்கால வெயில் பார்ப்பவர் முதுகில் விழும், கண்ணில் குத்தாது. கரிசல் மேடு வெயிலுக்கு வெடிக்கும், மழைக்குச் சரியும், நாலு வருடத்துக்கு ஒருமுறை கல்லைப் பெயர்த்துப் பதிக்க வேண்டும். ஆனால் மூன்றடி மேட்டிலிருந்து விழுந்து யாரும் ஆஸ்பத்திரிக்குப் போக மாட்டார்கள். புழுதியில் பாதியை அந்த மரங்களும் பிடித்துக்கொள்ளும். மேற்கு வீட்டு அக்காவிடம் இதைச் சொன்னேன். "மொதல்ல மரம் வைங்க, அப்புறம் பேசலாம்" என்றார்.

இன்னும் தீராத கேள்வி சாவி. விளக்கு வந்தபின் சாயங்காலம் ஆறு முதல் ஏழரை வரை பெண்பிள்ளைகளுக்கு என்று ஒதுக்க வேண்டும் என்று கேட்டிருக்கிறேன். ஸ்விட்ச் பெட்டியின் சாவியைக் குடும்பஸ்ரீ என்கிற பெண்கள் குழுவின் யூனிட்டிடம் கொடுத்தால் அந்த நேரத்தில் அவர்கள் நாலு பேராவது மைதானத்தில் இருப்பார்கள், நடந்த மாதிரியும் ஆச்சு. கிளப் பையன்கள் முகம் சுருங்கினார்கள். ஏழரைக்கு மேல் பத்து வரை உங்களுக்கு, காசில்லாமல் என்றதும் கொஞ்சம் விரிந்தது.

கூட்டம் வரும் ஞாயிறு காலை பத்துக்கு, உணவுக் கூடத்தில். அன்றைக்கு முடிவாகாவிட்டால் கஷ்டம். செம்மண் எடுக்க ஜியாலஜி ஆபீசில் பாஸ் வாங்க வேண்டும், அது கைக்கு வர நாளாகும். ஈரக் கரிசலில் டிப்பர் இறங்கினால் மாட்டிக்கொள்ளும், ஆகவே துலா (ஐப்பசி) மழை ஓய்ந்து தரை இறுகுகிற ஜனவரியில்தான் வேலை தொடங்க முடியும். இப்போதே மனு கொடுத்தால் அந்த ஜனவரியைப் பிடிக்கலாம். இல்லையென்றால் அதற்கு அடுத்த ஜனவரி, என் மகள் அப்போது பிளஸ் டூ முடிக்கப் போகிறாள்.